முழம் அளக்கத் தெரிந்தவளுக்கு நாம் தந்த நான்கு மதிப்பெண்: பி.பி.ஏ. பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பி.பி.ஏ. எனப்படும் இளநிலை வணிக நிர்வாகவியல் படிப்புக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மதுரை வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் 17 ஆண்டுகளாக இந்தப் படிப்பின் சந்தையிடுகை (மார்க்கெட்டிங்) தாள்களைக் கற்பித்து வருகிறேன். அதற்கு முன்பு ஐந்தாண்டுகள் நுகர்பொருள் விநியோகஸ்தர் ஒருவரிடம் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து, நாளொன்றுக்கு நாற்பது கடை ஏறி இறங்கி ஆர்டர் எடுத்தேன். அதற்கும் முன்பு என் தந்தையின் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தேன். பின்வரும் வேண்டுகோள் வகுப்பறைக்குள் மட்டும் நின்று எழுதியதன்று என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். மூன்றாம் ஆண்டில் மாணவர்கள் எழுதித் தரும் திட்ட அறிக்கையை (புராஜெக்ட்) நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு முழுப் பருவத்தை, அதாவது ஒரு செமஸ்டரை, கடையிலும் மண்டியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அவர்கள் கழிக்க வழி செய்யுங்கள். அங்கே கற்றதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ, தமக்கு வாய்த்த மொழியில் அவர்கள் சொல்லட்டும். அதற்கே மதிப்பெண் தாருங்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் வரம்புக்குள் வந்துவிட்டன. அக்குழு பி.பி.ஏ.வுக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தையும் வெளியிட்டிருக்கிறது. ஆகவே எப்படியும் நீங்கள் கூடிப் பேசித்தான் ஆக வேண்டும். தாள்களின் பெயர்கள் மாறும், அலகுகள் இடம் மாறும், புதிதாக இரண்டு மூன்று தாள்கள் வந்து சேரும். கையில் பேனா இருக்கும் இந்த வேளையில், பெயர் மாற்றத்தோடு நின்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். அவருடைய தாயார் கோயில் வாசலில் பூ விற்பவர். விடியற்காலை நான்கு மணிக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குத் தாயோடு சென்று மல்லி வாங்கி, எட்டு மணி வரை அமர்ந்து கட்டிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே அவர் கல்லூரிக்கு வருவார். அகமதிப்பீட்டுத் தேர்வில் ‘விலை நிர்ணய முறைகளை விளக்குக’ என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினாவை ஆங்கிலத்தில் கேட்டிருந்தேன். அவர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். புத்தகத்திலுள்ள வரையறைகளில் இரண்டு, பாதியில் அறுந்த வாக்கியங்களாக இருந்தன. நான்கு மதிப்பெண் இட்டேன்.

அடுத்த வாரம் அதே பாடத்தை மீண்டும் நடத்தியபோது, மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து மல்லி விலை ஏறும்போது உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று தமிழில் கேட்டேன். அவர் எழுந்து நின்று சொன்னதை அன்றிரவே குறித்து வைத்தேன். “மொழத்துக்கு ரேட்டை ஏத்த மாட்டோம் சார், ஏத்துனா வாடிக்கை போயிரும். கட்டுற நெருக்கத்தக் கொறைப்போம். நடுவுல கனகாம்பரம், மரிக்கொழுந்து சேப்போம். ஆனா கல்யாண வீட்டு ஆர்டருன்னா நெருக்கமாத்தான் கட்டணும், அங்க வெலைய ஏத்திக்கலாம், அவங்க பேசமாட்டாங்க. சாயந்தரம் ஆறு மணிக்கு மேல மொட்டு வெடிக்க ஆரம்பிச்சிட்டா, வந்த வெலைக்குக் குடுத்துருவோம்.” பின்னாலிருந்து ஒருவர், கிலோ கணக்கில் வாங்கி முழக் கணக்கில் விற்றால் இலாபம் எப்படித் தெரியும் என்று கேட்டார். அதற்கும் விடை தயாராக இருந்தது: “நூறு கிராமுக்கு எத்தன மொழம் வரும்னு கை சொல்லும். எங்கம்மா மொழமும் பக்கத்துக் கடை அக்கா மொழமும் ஒண்ணு கெடையாது. வாங்குறவங்களுக்கும் அது தெரியும்.”

பெருமக்களே, அந்த ஐந்து நிமிடப் பேச்சில் என்னவெல்லாம் அடங்கியிருந்தன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விலையை அசைக்காமல் அளவைச் சுருக்குதல், வாங்குவோரின் தேவைக்கேற்ப விலையைப் பிரித்தல், அழுகும் சரக்கை நேரம் பார்த்துத் தள்ளுதல், வாங்கும் அலகும் விற்கும் அலகும் வேறுபடும்போது அடக்கவிலை கணக்கிடுதல், நிரந்தர வாடிக்கையின் மதிப்பு என்று ஒரு பருவம் முழுவதும் நான் நடத்த வேண்டிய பாடம் அதில் இருந்தது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைப் பற்றித் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாக்கூடக் கேட்கிறோம். அந்த மல்லியை நாள்தோறும் கையால் அளந்து விற்பவரின் மகளுக்கு விலை நிர்ணயத்தில் நான்கு மதிப்பெண்ணைத்தான் நானே போட்டிருந்தேன். அந்தப் பிழை எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் நான் பின்பற்றிய விடைக்குறிப்பு உங்கள் பாடத்திட்டத்திலிருந்து வந்தது. வேறு எந்த ஆசிரியர் திருத்தியிருந்தாலும் அதே நான்குதான் கிடைத்திருக்கும்.

இந்தப் படிப்பில் சேரும் பிள்ளைகள் யார் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோர் மேல்நிலையில் வணிகவியல் பிரிவை எடுத்தவர்கள். அதில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள்; வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். சந்தையிடுகை, சந்தையிடுகைக் கலவை, நுகர்வோர் உரிமை என்று பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் தெளிவான தமிழில் படித்து, தேர்வும் எழுதி, நல்ல மதிப்பெண்ணோடு வருகிறார்கள். ஜூன் மாதம் கல்லூரிக்குள் நுழைந்தவுடன், இரண்டாண்டுகளாகக் கற்ற அதே கருத்துகள் ஆங்கிலத்தில் அவர்களுக்கு அந்நியமாகி நிற்கின்றன. ஆங்கிலவழிப் படிப்பிலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதிக்கலாம் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. நான் அறிந்த கல்லூரிகளில் நடப்பது வேறு. தமிழில் எழுதலாம் என்று சொல்லிவிட்டு வினாத்தாளை ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடுகிறோம். குறிப்புகளை ஆங்கிலத்தில் மட்டும் தருகிறோம். வாய்மொழித் தேர்வில் தமிழில் விடை சொல்லத் தொடங்கும் மாணவரைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். ஆங்கிலம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. ஒரு மின்னஞ்சலைப் பிழையின்றி எழுதவும், நேர்முகத் தேர்வில் தடுமாறாமல் பேசவும் அது தேவை; அதைத் தனியே, நன்றாகவே கற்பிக்க வேண்டும். ஆனால் வணிகம் தெரியுமா என்று சோதிக்கும் இடத்தில் ஆங்கிலம் தெரியுமா என்று சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி திட்ட அறிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு கல்லூரியைச் சுற்றியும் நகலகங்கள் உள்ளன என்பதும், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அவற்றின் முன்னால் மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நானும் ஒருமுறை அந்த வரிசையில் போய் நின்றேன். சூடான பசையின் நெடி. ரெக்ஸின் அட்டையில் பொன்னெழுத்து அடிக்கும் இயந்திரத்தின் ஓசை. கணினி முன்னால் அமர்ந்திருந்த பையன் என்னை மாணவரின் தந்தை என்று எண்ணிக்கொண்டு, “எந்த ஊருண்ணே, எந்த வண்டி?” என்று கேட்டான். இருசக்கர வண்டி வாங்கியோரின் மனநிறைவு குறித்த ஆய்வு அவனிடம் ஆயத்தமாக இருந்தது. ஊர்ப் பெயரையும் வண்டியின் பெயரையும் மாற்றினால் போதும். கூந்தல் எண்ணெய்க்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று, குளிர்பானத்துக்கு ஒன்று என்று அடுத்தடுத்த கோப்புகளும் இருந்தன. மாதிரி அளவு 100, சதவீதப் பகுப்பாய்வு, கை-வர்க்கச் சோதனை (chi-square) என்னும் புள்ளியியல் கணக்கு, முடிவுரையில் ‘விலையைக் குறைக்கலாம், விளம்பரத்தை அதிகப்படுத்தலாம்’ என்ற பரிந்துரை.

அப்படி வாங்காமல் தாமே உழைத்துச் செய்யும் மாணவர்களின் அறிக்கையும் பெரிதாக வேறுபடுவதில்லை என்பதுதான் வேதனை. நூறு வினாப்படிவங்களை விடுதி நண்பர்களே நிரப்பித் தருகிறார்கள். அதனால்தான் எந்தப் பொருளைப் பற்றிய அறிக்கையைத் திறந்தாலும் ‘பதிலளித்தோரில் பெரும்பான்மையினர் 18 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள், திருமணமாகாதவர்கள்’ என்றே முதல் அட்டவணை சொல்கிறது. தையல் இயந்திரத்தைப் பற்றிய ஆய்விலும் அதையே படித்திருக்கிறேன். ஓர் ஆண்டு, நம் நகரத்தைப் பற்றிய அறிக்கையின் நடுப்பக்கத்தில் வேறொரு மாவட்டத் தலைநகரின் பெயர் மாற்றப்படாமல் கிடந்தது. அதை வழிகாட்டிய ஆசிரியரும் நானும், வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் கையொப்பமிட்டோம். அறுபது அறிக்கைகளை ஒரே நாளில் பார்க்க வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனாலும் அது சமாதானம் ஆகாது. பட்டம் பெறப் போகும் இருபது வயதுப் பிள்ளைக்கு, பொய்யான தரவுக்கும் அழகாக அட்டை போட்டால் மதிப்பெண் உண்டு என்பதை அன்று நாங்கள் மூவரும் சேர்ந்து கற்றுக்கொடுத்தோம்.

பிற படிப்புகள் இதை எப்படிக் கையாள்கின்றன? வேளாண்மை இளநிலை மாணவர்கள் இறுதியாண்டில் கிராமப்புற வேளாண் பணி அனுபவம் என்ற பெயரில் ஊர்களுக்குச் சென்று தங்கி, உழவரோடு வயலில் நின்றுவிட்டுத்தான் பட்டம் பெறுகிறார்கள். செவிலியர் நோயாளியைத் தொடாமல் தேர்ச்சி பெற முடியாது. பட்டயக் கணக்காளர் ஆக விரும்புவோருக்கு அலுவலகப் பயிற்சிக் காலம் கட்டாயம். 2023இல் அறிமுகமான புதிய திட்டத்தில் அதை மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைத்தார்களே தவிர, எடுத்துவிடவில்லை. கடைக்குள் ஒரு நாள்கூட நிற்காத ஒருவருக்கு வணிக நிர்வாகம் படித்தவர் என்று சான்றளிப்பது நம் படிப்பில் மட்டும் நடக்கிறது.

நம் மண்ணில் வணிகக் கல்வி இப்படி இருந்ததுமில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்திய செட்டிநாட்டு வணிகரான நகரத்தார், தம் பிள்ளைகளைப் பெட்டியடிப் பையன் என்னும் கடைநிலை எடுபிடியாகக் கிட்டங்கி எனப்படும் வணிகக் கூடத்துக்கு அனுப்பினார்கள். கணக்கெழுதப் பழகி, வரவு செலவு பார்த்து, அடுத்தாளாக உயர்ந்து, அதன் பிறகே ஒரு கடையைத் தனியே பொறுப்பேற்று நடத்தும் மேலாளாக ஆக முடியும். முதலாளியின் மகனுக்கும் கீழிருந்தே தொடக்கம். பேரேடும், இருப்புநிலைக் குறிப்பாகிய ஐந்தொகையும் அவர்களுக்குத் தேர்வுக்கான சொற்களாக இருக்கவில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஐந்தொகை ஒத்துவர வேண்டும், ஒத்துவராவிட்டால் தூக்கம் வராது. அந்த முறையில் குறைகளும் உண்டு. சாதிக்குள்ளும் ஆண்களுக்குள்ளும் அடைபட்டுக் கிடந்த கல்வி அது. பட்டப்படிப்பு அந்தக் கதவைப் பூக்காரரின் மகளுக்கும் திறந்துவிட்டது என்பதாலேயே நான் இதை நேசிக்கிறேன். கதவைத் திறந்த நாம், உள்ளே இருந்த பட்டறையை மட்டும் ஏன் அப்புறப்படுத்தினோம் என்பதே என் கேள்வி.

நான் கேட்பது இதுதான். ஆறு பருவங்களில் ஐந்தாவதை அங்காடிப் பருவம் என்று ஒதுக்குங்கள். வாரத்தில் நான்கு நாள் மாணவர் ஒரு வணிக இடத்தில் இருக்கட்டும். ஐந்தாம் நாள் கல்லூரிக்கு வந்து, பார்த்ததைப் பாடத்தோடு பொருத்திப் பேசட்டும். இடம் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. பலசரக்குக் கடை, மருந்து மொத்த விற்பனையாளர், ஒட்டன்சத்திரத்துக் காய்கறிக் கமிஷன் மண்டி, சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் அச்சகம், கரூரில் வீட்டுத் துணி ஏற்றுமதி செய்பவர், பால் கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு நடத்தும் சிற்றுண்டித் தொழில் என்று அந்தந்த ஊரில் எது உயிரோடு இருக்கிறதோ அதுவே நம் ஆய்வுக்கூடம்.

அங்கே மாணவர் என்ன எழுத வேண்டும் என்பதற்கு என் தந்தையிடமிருந்து ஒரு வழி சொல்கிறேன். அவருடைய கல்லாப்பெட்டியின் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று ஆணியில் தொங்கும். வாடிக்கையாளர் கேட்டு, கடையில் இல்லை என்று சொல்லி அனுப்பிய பொருள்களை மட்டும் அதில் எழுதுவார். ‘இல்லைக் கணக்கு’ என்பது அதன் பெயர். தேதி, பொருள், கேட்டவர் தெருவின் பெயர், அவ்வளவுதான். சனிக்கிழமை கொள்முதலுக்கு மதுரை கீழமாசி வீதிக்குப் புறப்படும்போது அந்த நோட்டைப் புரட்டி, ஒரே பொருள் மூன்று முறைக்கு மேல் வந்திருந்தால் சரக்குப் பட்டியலில் சேர்ப்பார். ஒரே தெருவிலிருந்து மட்டும் கேட்டிருந்தால் அரை டஜன்; பல தெருக்களிலிருந்து கேட்டிருந்தால் ஒரு பெட்டி. எட்டாம் வகுப்போடு நின்ற அவர் செய்த அந்தச் சந்தை ஆய்வை, கை-வர்க்கச் சோதனை போட்ட எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. அங்காடிப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ‘இல்லைக் கணக்கு’ எழுதட்டும். கூடவே ஓடும் சரக்கு எது, முடங்கிய சரக்கு எது, யாருக்குக் கடன் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள், நிறுவனத்து ஸ்கீமுக்காக வாங்கிக் குவித்தது எத்தனை நாளில் விற்றது, டேமேஜ் சரக்கு திரும்பிப் போனதா என்று நாள் குறிப்பு எழுதட்டும். கையெழுத்தில், நாளுக்கு ஒரு பக்கம். நகலகத்தில் இதை விற்க முடியாது.

வாய்மொழித் தேர்வைக் கல்லூரியில் நடத்த வேண்டாம். தேர்வாளரும் கடைக்காரரும் சேர்ந்து அமர்ந்து, கடையிலேயே கேட்கட்டும். அலமாரியில் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி, இது ஏன் இந்தத் தட்டில் இருக்கிறது, இதன் அடக்கம் என்ன, வரி போக நிற்பது என்ன என்று கேட்டால் கால் மணி நேரத்தில் பிள்ளையின் தேர்ச்சி விளங்கிவிடும். 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் சரக்கு மற்றும் சேவை வரியைப் பற்றி எங்கள் மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆனால் ஒரு கொள்முதல் பில்லைக் கையில் கொடுத்து, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். இதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

இன்னொன்று. இரண்டாம் ஷிஃப்டில் படிக்கும் மாணவர்களில் பலர் ஏற்கெனவே வேலை பார்க்கிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. விடியலில் நாளிதழ் போடுகிறார்கள். இரவில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். திருமண மண்டபங்களில் பரிமாறுகிறார்கள். தீபாவளி நெருங்கினால் துணிக்கடையில் நின்று சேலை விரிக்கிறார்கள். அந்த வேலையால் வருகைப் பதிவு குறைந்து, அதற்காக அபராதம் கட்டுகிறவர்களும் உண்டு. வணிகம் கற்பிக்கும் துறை, வணிகத்தில் உழைத்ததற்காகத் தன் மாணவரைத் தண்டிக்கிறது. முறையான நாள் குறிப்பும் மேற்பார்வையும் இருந்தால், அந்த உழைப்பையே அங்காடிப் பருவமாக ஏற்றுக்கொள்ள விதி செய்யுங்கள். தொழிற்பழகுநர் பயிற்சியை உள்ளடக்கிய பட்டப்படிப்புக்கு 2020லேயே பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுவிட்டது. ஆகவே விதியில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தடைகளை நான் அறியாமல் இல்லை. பெண் பிள்ளைகளைக் கடையில் நிறுத்தப் பெற்றோர் தயங்குவார்கள்; கழிப்பறை இல்லாத கடைகளே மிகுதி; இரவு எட்டு மணிக்கு மேல் பேருந்து இல்லாத ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கழிப்பறை, மாலை ஆறு மணிக்குள் வேலை முடிவு, ஒரே இடத்தில் குறைந்தது இருவர் என்ற மூன்று நிபந்தனைகளை விதியாகவே எழுதுங்கள். வணிகர்கள் இலவச ஆள் கிடைத்ததென்று மூட்டை தூக்க விடுவார்கள் என்ற அச்சமும் நியாயமானது. உதவித்தொகை கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அது பெரிதும் குறையும். ஆசிரியர் பற்றாக்குறைதான் உண்மையான சிக்கல். மணிக்கணக்கில் ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளரிடம், வாரம் பத்துக் கடைக்குப் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அந்தப் பயணத்தைப் பணி நேரமாகக் கணக்கிடாவிட்டால் இத்திட்டம் முதல் ஆண்டிலேயே படுத்துவிடும். களப் பார்வையைக் கற்பிக்கும் மணியாகக் கணக்கிடுங்கள். இதை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்.

படித்து முடித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘மார்க்கெட்டிங் வேலையா? பையைத் தூக்கிக்கிட்டு அலையிறதுதானே?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கண்ணால் கண்டது அதுதான். தனியார் நிதி நிறுவனங்களின் வசூல் பணிக்கும், காப்பீட்டு முகவர் பணிக்கும், மாத இலக்கோடு வங்கிப் பொருள்களை விற்கும் பணிக்கும் எங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் எடுக்கப்படுகிறார்கள். அங்கே முதல் மாதத்திலேயே அவர்களுக்கு ஒரு சோதனை வருகிறது. வைப்புநிதி போடக் கிளைக்கு வரும் முதியவரிடம், வைப்புநிதி போலத்தான் என்று சொல்லிக் காப்பீட்டுத் திட்டத்தைத் தலையில் கட்டினால் இலக்கு நிறைவேறும். என் பழைய மாணவர் ஒருவர் அப்படிச் செய்ய மறுத்து, மூன்றாம் மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாங்கிய காப்பீட்டை 30 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்பதை வேலையில் சேர்ந்த பிறகு தாமே படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். மூன்றாண்டுகள் அவருக்குச் சந்தையிடுகை கற்பித்த நான் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 இலட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம். வாங்குவோரை ஏய்க்கும் இணைய உத்திகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, 2023 நவம்பரில் ஒன்றிய அரசு வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதும், இன்னும் இரண்டே உள்ளன என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இணையவழிச் சந்தையிடுகை என்ற தாளைப் புதிதாகச் சேர்க்கும் குழுக்கள் விளம்பரத்தை எப்படி ஓட்டுவது என்பதற்கு நான்கு அலகுகள் ஒதுக்கினால், எதைச் செய்யக் கூடாது என்பதற்கு ஓர் அலகாவது ஒதுக்க வேண்டும்.

பாடநூல்களைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நால்வகைக் கலவையை 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் மெக்கார்த்தி வகுத்தார். அது நல்ல சட்டகம், இருக்கட்டும். அதற்குள் இடும் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வர வேண்டும் என்பதில்லை. கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்தார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொடங்கி, எந்த நிறுவனத்தின் காலி உறையாயினும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம் என்று அறிவித்தார். மக்கள் பழகிய பிறகு, சிக் உறைகளுக்கு மட்டுமே அது உண்டு என்று மாற்றினார். விற்பனை ஊக்குவிப்புக்கு இதைவிடத் தெளிவான பாடம் எது? முதலாண்டு வகுப்பில், உங்கள் வீட்டில் ஆவின் பால் நீல உறையா, பச்சையா, ஆரஞ்சா என்று கேட்பேன். எல்லாக் கைகளும் உயரும். 3 சதவீதக் கொழுப்பு, 4.5 சதவீதம், 6 சதவீதம் என்ற பிரிவுக்கும், எந்த வீட்டில் எந்த நிறம், தேநீர்க் கடைக்காரர் எதைத் தேடுகிறார் என்பதற்கும் உள்ள தொடர்பை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது இடைத்தரகு இல்லாத விற்பனை எப்படி ஏற்பாடானது என்பதைச் சொல்ல, அந்தச் சந்தையில் இன்றும் கடை போடும் உழவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் எல்லைக்குள் உள்ள இருபது தொழில்களைப் பற்றி ஆசிரியர்களைக் கொண்டு, இரு மொழியிலும் எழுதி வாங்கி அச்சிட்டால், இரண்டே ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டுத் தொகுப்பு கிடைக்கும்.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் அங்காடிப் பருவத்தை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி வேண்டுகிறேன். ஒரேயடியாக எல்லாக் கல்லூரிகளிலும் தொடங்கத் தயக்கமிருந்தால், விரும்பும் ஐந்து கல்லூரிகளில் ஓர் ஆண்டு நடத்திப் பாருங்கள். நான் கேட்டவரையில், எங்கள் ஊரில் பதினொரு கடைக்காரர்களும் இரண்டு மண்டி உரிமையாளர்களும் ஆளுக்கு இரண்டு மாணவரை ஏற்க இசைந்திருக்கிறார்கள். ‘இல்லைக் கணக்கு’க்கான நோட்டின் மாதிரிப் பக்கங்களையும், கடையில் கேட்பதற்கான வினாக்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன், கேட்கும் குழுவுக்கு அனுப்பி வைப்பேன்.

உறுப்பினர்களில் யாரேனும் மதுரைக்கு வர இயன்றால் விடியற்காலை நான்கு மணிக்கு மாட்டுத்தாவணி வாயிலில் காத்திருப்பேன். அந்த மாணவி இப்போது தாயாரின் கடையோடு சேர்த்து மாலை கட்டும் தொழிலையும் நடத்துகிறார். ஆறு பெண்கள் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். ஐந்தரை மணி வரை கொள்முதலில் இருப்பார், அதன் பிறகு உங்களோடு பேச நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வணிக நிர்வாகவியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை